அந்த அடுப்பில் கோளாறு இல்லை

அன்பு மகன் அருளுக்கு,

அடுப்பு புகைந்த அன்றைக்கு அங்கே உங்கள் வீட்டில் யார் யார் இருந்தோம் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நான் இருந்தேன். உன் மனைவி ஸ்டெல்லா இருந்தாள். பிறந்து முப்பத்தெட்டு நாளான பாப்பா இருந்தாள். கீழ்வீட்டில் வீட்டுக்காரம்மா இருந்தார். புகை வந்த பிறகுதான் வெளியே ஓடி வந்தார். நீ இல்லை, வேலைக்குப் போயிருந்தாய். உன் நைனா இங்கே செஞ்சியில் இருந்தார். ஸ்டெல்லா உள்ளறையில் பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆக, அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தவள் நான் ஒருத்திதான். இதை ஏன் இவ்வளவு சரியாக எழுதுகிறேன் என்றால், இத்தனை மாதமாக நான் அந்த நாளைப் பற்றிச் சொன்னதைக் கேட்ட எல்லோருக்கும் அடுப்படியில் நின்றது ஸ்டெல்லா என்றுதான் பட்டிருக்கிறது. நான் அப்படிச் சொல்லவில்லை. அப்படிப் படும்படி சொன்னேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்ததும் நீ வீடியோவில் கூப்பிட்டாய். குளிர் வருவதற்குள் புது அடுப்பு வாங்க வேண்டும், சனிக்கிழமை கடைக்குப் போய்ப் பணம் கட்டப் போகிறேன் என்றாய். "இந்த வாட்டி பழைய கம்பெனி வேணாம்மா. வேற ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். செல்போன்லயே ஆன் பண்லாம், ஆஃப் பண்லாம். நம்பர் போட்டு லாக் பண்ணிட்டா வேற யாரும் தொட முடியாது" என்றாய். உன் நைனா வெள்ளந்தியாக, "வேற யாருடா? வூட்ல இருக்கறதே நீங்க ரெண்டு பேருதான்" என்று கேட்டார். "அதான் நைனா. அவ தொடக் கூடாதுன்னுதான்" என்று சொல்லி நீ சிரித்தாய். உனக்குப் பின்னால் ஸ்டெல்லா துணி மடித்துக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரிந்தது. "ஆமா மாமா, எனக்கெதுக்கு அந்த வேல" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். அப்புறம் நீ என்னைக் கேட்டாய்: "நீ மூணு மாசம் இங்க இருந்து பாத்தவளாச்சே. நீ இன்னா சொல்ற?" நான் சொன்னது, "நீ பாத்து செய்யிடா" என்பதுதான். அந்த மூன்று வார்த்தையைச் சொன்ன வாயால் அன்றைக்கு மத்தியானம் என்னால் சோறு தின்ன முடியவில்லை.

போனில் சொல்லலாம் என்று இரண்டு தரம் எடுத்தேன். போனில் எனக்கு வழுக்கிக்கொண்டு போக இடம் இருக்கிறது. நீ ஏதாவது கேட்பாய், நான் வேறு எதையாவது சொல்வேன், பாப்பா குறுக்கே வருவாள், முடிந்துபோகும். எழுதினால் அப்படிப் போக முடியாது. எட்டாவதோடு நின்றவள் நான். பிறகு படித்ததெல்லாம் கோயில் புத்தகமும், மளிகை கட்டி வந்த பேப்பரும், நீ விட்டுப்போன பாடப்புத்தகங்களும்தான். ஆகையால் வரிசை முன்னே பின்னே இருக்கும். பொறுத்துக்கொண்டு கடைசி வரைக்கும் படி.

அந்த அடுப்பை முதன்முதல் பார்த்தபோது நான் உன்னைக் கேட்டது நினைவிருக்கிறதா? "இன்னாடா இது, டிவி மாரி நின்னுனு இருக்குது." இங்கே மலைப்பாறை குடித்த வெயில் இறங்குவதற்கே இருட்டி வெகுநேரம் ஆகிறது. வீட்டைச் சூடாக்க ஒருவன் காசு கொடுத்து அடுப்பு வாங்குவான் என்பது எனக்குப் புதிது. சமைக்க முடியாத அடுப்பு என்பது அதைவிடப் புதிது. நீதான் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினாய். மரத்தூளை அழுத்திச் செய்த சின்னச் சின்னக் குச்சிகள், அதற்குப் பெயர் பெல்லட். மேலே உள்ள தொட்டியில் அதைக் கொட்டினால், அடியில் திருகாணி மாதிரி ஒரு தண்டு சுற்றிச் சுற்றி அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, உள்ளே இருக்கிற இரும்புக் கிண்ணத்தில் போடும். கிண்ணத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்கும். அதன் வழியாகக் காற்று வந்து நெருப்பை ஊதும். தினம் காலையில் அடுப்பு ஆறியிருக்கும்போது கிண்ணத்தை எடுத்துச் சாம்பலைத் தட்டி, ஓட்டைகளைக் குத்திவிட வேண்டும். எரியும்போது கதவைத் திறக்கக் கூடாது. "முக்கியமா இதுக்கு பெல்லட்ட தவுர வேற எதையும் தின்னக் குடுக்காத யம்மா. வயிறு கெட்டுடும்" என்றாய். "ஆமா, பெரிய வெள்ளக்காரன் வூட்டுப் புள்ள" என்று நான் சொன்னதற்கு ஸ்டெல்லா விழுந்து விழுந்து சிரித்தாள். அதாவது, எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நான் சொல்லிக்கொள்ள வழியில்லை. எனக்குச் சொல்லியிருந்தாய்.

கோயிலில் சாமியார் மந்திரித்துக் கொடுத்த பொருளைக் குப்பையில் போடக் கூடாது என்பது நம் வழக்கம். உனக்கும் தெரியும். குருத்தோலை ஞாயிறன்று வாங்கி வந்து கதவு நிலையில் செருகி வைத்த ஓலைச்சிலுவை காய்ந்துபோனால் எரிக்க வேண்டும், இல்லாவிட்டால் மண்ணில் புதைக்க வேண்டும். மந்திரித்த மெழுகுதிரியின் அடிக்கட்டையும் அப்படித்தான், கழுத்தில் போட்டு நைந்துபோன துணி உத்தரியமும் அப்படித்தான். ஸ்டெல்லாவுக்கு வலி எடுத்ததிலிருந்து நான் தினம் ஒரு மந்திரித்த மெழுகுதிரி ஏற்றிச் செபமாலை சொன்னேன் அல்லவா, அந்த அடிக்கட்டைகளை எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். உன் கதவில் இருந்த பழைய ஓலைச்சிலுவைகள் இரண்டு, என் பழைய உத்தரியம் ஒன்று, எல்லாம் அதில்தான். கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் டப்பா நிரம்பிவிட்டது. உங்கள் வீட்டில் குப்பைக்கு மட்டும் ஐந்து டப்பா. காகிதம் ஒன்றில், கண்ணாடி ஒன்றில், சோறு ஒன்றில். "அத்த, மந்திரிச்சதுக்கு எந்த டப்பான்னு முனிசிபாலிட்டில கேக்கணும்" என்று ஸ்டெல்லா கிண்டல் பண்ணினாள். புதைக்கலாம் என்று கீழே தோட்டத்துக்குப் போனேன். மண் பனியில் இறுகிப் பாறையாகக் கிடந்தது. கரண்டிக் காம்புதான் வளைந்தது. ஸ்டெல்லா நல்ல வழிதான் சொன்னாள்: "ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போவும்போது அங்க சாமிகிட்ட குடுத்துடலாம் அத்த." அன்றைக்குப் புதன்கிழமை. நான் சொன்னேன்: "மாதாவ நாலு நாளு குப்ப மாரி டப்பாவுல அடச்சி வெக்கச் சொல்றியா? எங்கூட்ல அப்டி இல்ல." அவளுக்கும் பக்தி இருக்கிறது, என்னைவிடக் கூடவே இருக்கலாம். அவள் உள்ளே போனாள்.

மறுநாள், நீ வேலைக்குப் போன பிறகு, பதினோரு மணி வாக்கில், அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. முதலில் கதவைத் திறந்து ஓலைச்சிலுவைகளை உள்ளே வைத்தேன். அழகாகப் பற்றி எரிந்தன. சிலுவை போட்டுக்கொண்டேன். மெழுகை நெருப்பில் நேராகப் போட்டால் குபீர் என்று கிளம்பும் என்று பயம். அதனால் மேல்தொட்டி மூடியைத் தூக்கி, அடிக்கட்டைகளையும் உத்தரியத்தையும் பெல்லட்டுக்கு நடுவில் செருகினேன். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, பெல்லட்டோடு பெல்லட்டாக எரிந்து போய்விடும், ஒருவருக்கும் தொந்தரவில்லை என்று நினைத்தேன். மந்திரித்த பொருளால் கெடுதல் வராது என்றும் நினைத்தேன். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து செபமாலை சொல்ல ஆரம்பித்தேன். மூன்றாவது தேவ இரகசியம் சொல்லும்போது அடுப்புக்குள் பல்லைக் கடிப்பது போல ஒரு சத்தம் வந்தது. நெருப்பு குறுகி, சோம்பலாக மஞ்சளாக நின்றது. கதவுக் கண்ணாடி கறுத்தது. என்ன ஆயிற்று என்று கதவைத் திறந்தேன். புகை முகத்தில் அடித்தது. சுவரில் மாட்டியிருந்த அலாரம் கத்த ஆரம்பித்தது.

அப்புறம் நடந்ததை ஸ்டெல்லா உன்னிடம் பாதிதான் சொல்லியிருப்பாள். அவள் பாப்பாவை மாரோடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தாள். அடுப்புக் கதவைச் சாத்தினாள், பட்டனை அழுத்தி நிறுத்தினாள், இரண்டு ஜன்னலையும் திறந்தாள். "அத்த, வெளிய வாங்க. மொதல்ல வெளிய வாங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். பிள்ளை பெற்று முப்பத்தெட்டு நாளான பெண் செருப்பில்லாமல் பனியில் நின்றாள். தன் சால்வையைப் பாப்பாவுக்குப் போர்த்தினாள். வீட்டுக்காரம்மா ஓடி வந்து அவளுக்கு ஒரு கோட்டைக் கொண்டுவந்து போட்டார். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும் அவள்தான். அத்தனையும் அவள் செய்யும்போது நான் செபமாலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆஸ்பத்திரியில் பாப்பாவுக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு நாக்கு அசைந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நீ வேலை உடுப்போடு ஓடி வந்தாய். என்னைக் கேட்கவில்லை, அவளைத்தான் கேட்டாய், "இன்னா பண்ண நீ?" என்று. "ஒண்ணும் பண்லங்க" என்றாள்.

அடுத்த நாள் ரிப்பேர்காரன் வந்து தண்டைக் கழற்றினான். ஸ்டெல்லா டார்ச் பிடித்தாள். நீ வீட்டுக்காரம்மாவுக்கு மாடிப்படியில் நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாய். நீ உள்ளே வந்ததும் அவன் கட்டி கட்டியாக எதையோ சுரண்டி எடுத்து உன்னிடம் காட்டிப் பேசினான். நீ எங்களுக்குச் சொன்னாய்: "பச மாரி உருகி அடச்சினு இருக்குதாம். மோட்டார் போச்சி. மட்டமான பெல்லட்டா இருக்கும்ன்றான்." வழக்கமான கடையில் சரக்கு இல்லையென்று முந்தின வாரம் ஸ்டெல்லா வேறு கடையில் நாலு மூட்டை வாங்கியிருந்தாள். போதாதா? "கண்டத வாங்கினு வந்து போட்டியே, எங்கொழந்த செத்திருந்தா?" என்று நீ கத்தினாய். அவள் ஒரு தரம் என்னைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வைக்குள் நான் மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வுடுடா, சின்னப் பொண்ணு, தெரியாம செஞ்சிருப்பா" என்றேன். நீ, 'அம்மா எவ்வளவு பெருந்தன்மை' என்று நினைத்திருப்பாய். நான் வாழ்நாளில் சொன்ன பொய்களில் மோசமானது அதுதான். பரிந்து பேசுவது போலப் பேசி, அவள்தான் செய்தாள் என்று ஆணி அடித்துவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். பயம்தான். நீ கத்தின கத்தலில், இனிமேல் பாப்பாவை என் கையில் கொடுக்கமாட்டாய் என்று பயந்தேன். இன்னொன்றும் உண்டு, அது பயத்தைவிடக் கேவலம். மாதாவின் பொருளால் கெட்டது என்று என் வாயால் சொல்வதா என்று எனக்கு நானே ஒரு சாக்குச் செய்துகொண்டேன். மாதா என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. அன்றைக்கு ஸ்டெல்லாவுக்குப் பூண்டுக் குழம்பு வைத்து, நல்லெண்ணெய் ஊற்றிப் பிசைந்து கொடுத்தேன். அவள் தின்றாள். எனக்கு மன்னிப்புக் கேட்க வராது, ஆக்கிப் போடத்தான் வரும். உனக்குப் பத்து வயதில் மண்ணெண்ணெய்க் கேனை நீதான் சாய்த்தாய் என்று விறகுக் கட்டையால் அடித்தேனே, அதைச் சாய்த்தது என் முந்தானை. அன்றைக்குச் சாயங்காலம் உனக்கு வாழைக்காய் பஜ்ஜி போட்டேன். நீ ஏழு பஜ்ஜி தின்றாய். அதுவும் இன்றைக்குத்தான் உனக்குத் தெரிகிறது.

இத்தோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. நான் அங்கிருந்தே போனில் இங்கே மூன்று பேருக்குச் சொன்னேன். உன் சித்திக்கு, எதிர்வீட்டு மேரிக்கு, தெருக்காரர்கள் கூடிச் செபிக்கிற அன்பியக் கூட்டத்தில் என்னோடு பாட்டுப் பாடுகிற லூர்துவுக்கு. "பாவம், படிச்ச பொண்ணுதான், ஆனா வூட்டுப் பொறுப்பு பத்தாது" என்றேன். மூன்று பேருக்குச் சொன்னால் பங்குக் கோயிலுக்கே சொன்ன மாதிரி. திரும்பி வந்து பெட்டியைப் பிரித்தபோது அந்தப் பிஸ்கட் டப்பா அடியில் இருந்தது. நான் வைக்கவில்லை. உள்ளே ஒரு டிஷ்யூ காகிதச் சுருள். பிரித்தால், என் உத்தரியத்தில் தைத்திருந்த மாதா பதக்கம். வளைந்து, கறுத்து, ஓரத்தில் மெழுகு ஒட்டிக்கொண்டிருந்தது. ரிப்பேர்காரன் தண்டிலிருந்து எடுத்துக் கொடுத்ததை டார்ச் பிடித்த கை வாங்கி மூடிக்கொண்டிருக்கிறது. ஒரு சீட்டுக்கூட இல்லை. உன்னிடம் அதைக் காட்டியிருந்தால் அந்த நிமிடமே அவள் தப்பித்திருப்பாள். காட்டவில்லை. மந்திரித்த பொருளாயிற்றே என்று குப்பையிலும் போடாமல் என்னிடமே சேர்த்துவிட்டாள்.

அதைப் பார்த்த பிறகாவது நான் திருந்தினேனா என்றால், இல்லை. விபூதிப் புதனன்று பூசை முடிந்து, நெற்றியில் சாம்பலோடு வெளியே வந்தேன். ஸ்டெல்லாவின் அம்மா கோயில் வாசலில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அமாவாசையை ஒட்டின நாள். மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய் வருகிற கூட்டம் பஸ்ஸில் ஏறவிடாமல், அந்த மார்க்கத்தில் இருக்கிற தன் ஊரிலிருந்து பாதி தூரம் நடந்தே வந்திருக்கிறார். முட்டி வலிக்காரர்; அதனால்தானே பிரசவத்துக்கு அவருக்குப் பதில் நான் வந்தேன். கையில் ஒரு பை. "சம்மந்தி, எல்லாரும் சொல்றாங்க. எம்பொண்ணு தெரியாம பண்ணிட்டா. நான்தான் சரியா வளக்கல. மனசுல வெச்சிக்காதீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்தாங்க, நம்ம கொல்லையில வெளஞ்ச மல்லாட்ட. புதுசு." நான் பையை வாங்கிக்கொண்டேன். "அதுக்கின்னா சம்மந்தி, நானும் பொண்ணு மாரிதான் நெனைக்கறேன்" என்றேன். அந்த வேர்க்கடலையை வேக வைத்தேன், உன் நைனா ருசியாக இருக்கிறது என்றார், நானும் தின்றேன். அந்தத் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், "பொய் சொன்னேன் சாமி, பலதடவை" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். எந்தப் பொய் என்று சொல்லவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் நாக்கை நீட்டி நன்மை அப்பம் வாங்கினேன்.

என் குற்றத்தைச் சொல்லாத நான், அடுப்பைப் பற்றி மட்டும் படித்துக்கொண்டே இருந்தேன். உன் பழைய அடுப்போடு வந்த புத்தகத்தை நீ போனில் அனுப்பியிருந்தாய் அல்லவா, அதைப் போனிலேயே தமிழாக்கிப் பக்கம் பக்கமாக நோட்டில் எழுதினேன். திண்டிவனம் ரோட்டில் மல்லாட்டைத் தோலை அரைத்துக் குச்சியாக அழுத்துகிற மில் ஒன்று வந்திருக்கிறது. பாய்லருக்குப் போகிற சரக்கு. உன் நைனா அங்கே லோடு இறக்கப் போனபோது நானும் கூடப் போய்ப் பார்த்தேன். "இன்னாக்கா, இத வாங்கினு போயி இட்லி சுடப் போறியா?" என்று அங்கே சல்லடை பிடித்த பெண் கேட்டாள். எம்பிள்ளை வெளிநாட்டில் இதைத்தான் எரிக்கிறான் என்றேன். அவள் ஒரு குச்சியை எடுத்து ஒடித்துக் காட்டினாள். "டப்புனு ஒடையணும். நமுத்துப் போயி வளஞ்சா ஈரம் ஏறிட்டுதுன்னு அர்த்தம். மூட்டை அடியில தூளு நெறைய இருந்தா வாங்காத. சரக்கு நல்லாருந்தா மிசின் தொந்தரவே குடுக்காது." அதைக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. ஸ்டெல்லா வாங்கின அந்த நாலு மூட்டையில் மீதி இரண்டை உன் வீட்டில் நானே தொட்டுப் பார்த்திருக்கிறேன். பளபளவென்று, ஒடித்தால் டப்பென்று ஒடிகிற சரக்கு. அவள் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறாள்.

ஆகையால் நீ கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். அந்தப் பழைய கம்பெனியை ஒதுக்காதே. அந்த அடுப்பில் கோளாறு இல்லை. இரண்டு குளிர்காலம் ஒரு நாள் மக்கர் பண்ணாமல் எரிந்தது என்று நீயே சொல்லியிருக்கிறாய். மூன்றாவதில் நான் அதற்கு மெழுகு ஊட்டினேன். நீ அதைக் கழற்றிப் போட்டுவிட்டாய், இனி அந்த மாதிரியையே திரும்ப வாங்கலாம். அதன் ரிப்பேர்காரன் உன் ஊரிலேயே இருக்கிறான், கூப்பிட்ட மறுநாள் வந்தான், உதிரி சாமானும் கிடைக்கிறது. ஒரு அடுப்பை நம்பலாமா என்பதற்கு, கடைக்காரன் பேச்சைவிட அதுதான் சாட்சி. நீ பார்த்து வைத்திருப்பது அதைவிடப் பெரியது என்றாய். வேண்டாம். உன் கூடத்தை நான் காலால் அளந்திருக்கிறேன், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் பதினாறு அடி. சின்ன இடத்துக்குப் பெரிய அடுப்பு வாங்கினால் எப்போதும் அடக்கி அடக்கித்தான் எரிக்க வேண்டும். அடங்கி எரிந்தால் கரி படியும், கண்ணாடி கறுக்கும், குழாய் அடைக்கும் என்று புத்தகம் சொல்கிறது. கடையில் கிண்ணத்தை உன் கையாலேயே வெளியே எடுத்துப் பார். கஷ்டப்படாமல் வந்தால்தான் தினம் சுத்தம் செய்யத் தோன்றும். எரியும்போது கரண்ட் போனால் புகை எந்தப் பக்கம் போகும் என்று கேள். பதில் தெரியாத கடையில் வாங்காதே. புகைக்குழாயை வருஷத்துக்கு ஒருமுறை ஆள் வைத்துத் துலக்கு. அலாரத்தின் பேட்டரியை மாற்று. அன்றைக்குப் பாப்பாவைக் காப்பாற்றினது அந்த அலாரமும் ஸ்டெல்லாவும்தான்.

அந்தப் பூட்டு வேண்டவே வேண்டாம். நீ வேலைக்குப் போனால் செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். நடுவில் அடுப்பு அணைந்தால், தாயும் பிள்ளையும் நீ வருகிற வரை கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? அதுகூட இரண்டாவது. தன் வீட்டு நெருப்பை அவள் தொடக் கூடாது என்று நீ பூட்டுப் போட்டால், அந்தப் பூட்டைப் போட்டவள் நான். அவள் தினம் அதைத் தாண்டித்தான் நடப்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள், அவள் சுபாவம் அது. சொல்லாமல் இருக்கிறவளுக்கு வலி இல்லை என்று நான் இத்தனை மாதம் வசதியாக நினைத்துக்கொண்டேன். நீயும் அப்படி நினைத்துவிடாதே.

இதுவரைக்கும் எழுதினதைப் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் நாலு நகல் எடுத்தேன். சித்திக்கும் மேரிக்கும் லூர்துவுக்கும் நேற்றே கையில் கொடுத்துவிட்டேன். மேரி அங்கேயே நின்று படித்துவிட்டு, "இன்னாக்கா நீ இப்டி பண்ணிட்ட" என்றாள். நான் கொடுத்த காப்பியைக் குடிக்கவில்லை. நாலாவதை எடுத்துக்கொண்டு நாளைக் காலை முதல் பஸ்ஸில் உன் மாமியார் வீட்டுக்குப் போகிறேன். உன் நைனாவுக்கு இன்றுதான் முழுக்கப் படித்துக் காட்டினேன். "அந்தப் பொண்ணு நெனச்சிருந்தா ஒன்ன அங்கயே மானங்கெடுத்தி அனுப்பியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார், எழுந்து போய்விட்டார். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறேன். இந்த முறை விவரமாகச் சொல்வேன்.

ஸ்டெல்லாவிடம் மன்னிப்புக் கேட்கத் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன், அது அவள் பெயருக்கு வரும், நீ பிரிக்காதே. இதை நீ முதலில் படித்துவிட்டு, என்மேல் உள்ள கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, நீ கத்தினதற்கு நீயும் அவளிடம் போய்ப் பேசு. நான் கத்தவில்லை என்பதால் எனக்குக் குறைவு, உனக்கு அதிகம் என்று இல்லை. என் பங்குதான் அதிகம். ஆனால் உன் பங்குக்கு நான் மன்னிப்புக் கேட்க முடியாது. பாப்பாவை இனி என் கையில் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இரண்டு பேர் இஷ்டம். நான் அதற்காகக் கெஞ்சி எழுதவில்லை.

இந்தப் பக்கங்களைப் படம் பிடித்து இப்போதே உனக்கு அனுப்புகிறேன். சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது. எந்த அடுப்பு என்று நீயும் ஸ்டெல்லாவும் சேர்ந்து முடிவு பண்ணினீர்களா என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். கடைக்குப் போவதற்கு முன்னால் பதில் எழுது.

அம்மா